வான்கோழி தேய்த்த முத்திரை

என் மாமா வான்கோழி வளர்த்தார். அம்மாவின் ஒரே தம்பி அவர். மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகும் சாலையில் மாவுக்கல் யானைகளும் சங்கு மாலைகளும் விற்கும் சின்னக் கடை அவருடையது. கடைக்குப் பின்னால் ஓலை வேய்ந்த ஓர் அறை. அதற்கும் பின்னால், கம்பிவலை அடித்த கொட்டிலில் வான்கோழிகள். தொண்ணூறுகளின் நடுவில், பள்ளி விடுமுறைக்குச் செங்கல்பட்டிலிருந்து அங்கே போகும்போதெல்லாம், கடலைப் பார்ப்பதற்கு முன்னால் நான் அவற்றைத்தான் போய்ப் பார்ப்பேன். கழுத்துத் தோல் சிவந்து தொங்க, கோபக்காரத் தலைமையாசிரியர்களைப் போல அவை என்னைச் சுற்றிச் சுற்றி நடக்கும்.

கறிக்குத்தான் வளர்க்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். கோவளத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பண்டிகைக்குக் கேட்பார்கள். பக்கத்து ஓட்டல்களில் எப்போதும் கேட்பார்கள். மாமாவும் கொடுப்பார். ஆனால் அறுத்து, சுத்தம் செய்து, இரைப்பையை எடுத்து வைத்துக்கொண்டுதான் கொடுப்பார். ஓட்டல் சமையல்காரர் ஒருநாள் என் எதிரிலேயே கேட்டார்.

“இன்னா அண்ணாத்த, ஒவ்வொரு தபாவும் இரைப்பைய மட்டும் காணோம். நீயே துன்றியா?”

“டாக்டரு துன்னச் சொல்லிக்கீறாரு” என்றார் மாமா.

மாமாவுக்கு அப்போது எந்த நோயும் இல்லை. எனக்கு அது தெரியும். ஆனாலும் பெரியவர்களுக்கு வெளியே தெரியாத நோய்கள் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அவர் அவற்றுக்குத் தீனி போடும் விதமும் தனி. கேழ்வரகு மாவை உருட்டி, ஒவ்வொன்றின் அலகையும் விரித்து, உருண்டையைத் தொண்டைக்குள் தள்ளுவார். உருண்டைக்குள் என்ன என்று கேட்டேன். “கல்லு” என்றார். “வயித்துல கல்லு இருந்தாதான் மருமவளே அதுக்கு செமிக்கும். அதுக்குப் பல்லு இல்ல பாரு.” அம்மாவிடம் கேட்டபோது அவளும் அது உண்மைதான் என்றாள். அம்மா அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. பறவைகளின் இரைப்பையில் கல் இருக்கும் என்று பாடமே நடத்தியிருக்கிறாள்.

என் அம்மாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பொய்க்கு இடம் கிடையாது. வரி கட்டச் சொல்லி ஆள் வந்தால் அப்பா குளியலறைக்குள் போய்க்கொண்டே “இல்லைன்னு சொல்லு” என்பார். அம்மா வாசலுக்குப் போய், “குளிக்கிறாரு, உட்காருங்க” என்பாள். தன் வகுப்பில் ஒரு பெண் வேறொருத்தியின் படத்தைப் பார்த்து வரைந்து, பூவில் ஓர் இதழ் கூடுதலாகப் போட்டிருந்ததைக் கண்டுபிடித்து, நிஜப் பூவைப் பறித்துவரச் சொல்லி, எண்ண வைத்தவள். மாமா அவளை நீதிபதி என்றுதான் கேலி செய்வார். “ஜட்ஜம்மா இன்னா சொல்றாங்க?” என்பார் என்னிடம். ஆனால் யாரிடமாவது தன் பேச்சு எடுபடவில்லை என்றால், “எங்கக்காவ கேளு. அது பொய் சொல்லாது” என்று முடித்துவிடுவார்.

மாமாவின் உண்மையான தொழில் கொட்டிலுக்கும் கடைக்கும் நடுவில் இருந்த அந்த ஓலை அறையில் நடந்தது. சிற்பப் பட்டறையில் சேர்ந்து பாதியில் விட்டவர் அவர். பெரிய கல்லில் கை போகவில்லை. சின்னக் கல் என்றால் போகும். செங்கல்பட்டில் கடையை மூடிய ஒரு பல் டாக்டரிடமிருந்து, பல் துளைக்கும் பழைய மோட்டாரை வாங்கி வைத்திருந்தார். முனையில் வைரத்தூள் ஒட்டிய ஊசி. அதை வைத்து, சுண்டுவிரல் நகம் அளவுள்ள சிவப்புக் கற்களில் ஒரு சேவலைக் குடைவார். ஆமாம், சேவல்தான். ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, வாலைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். கல்லில் அது பள்ளமாக இருக்கும். மெழுகில் அழுத்தினால் மேடாக எழுந்து நிற்கும். முத்திரை மோதிரத்தில் பதிக்கிற கல் அது என்றும், பழைய காலத்தில் கப்பலில் வந்த வியாபாரிகள் சரக்கு மூட்டையைக் கட்டி, முடிச்சில் களிமண்ணை அப்பி, அதன்மேல் இதை அழுத்துவார்கள் என்றும் மாமா சொன்னார். எனக்கும் ஒன்று கொடுத்தார். கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தேன்.

இதையெல்லாம் அவர் வெள்ளைக்காரர்களிடம், மணலில் கிடைத்தது என்று சொல்லி விற்றுக்கொண்டிருந்தார் என்பது எங்கள் வீட்டுக்குத் தெரியாது. ஒரு பங்குனி மாதத்துச் சாயங்காலம் அவரே வந்து சொன்னபோதுதான் தெரிந்தது.

சட்டை கசங்கி, செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரரை விமான நிலையத்தில் நிறுத்தி, பெட்டியில் இருந்த சேவல் முத்திரையை எடுத்துவிட்டார்கள். எங்கே வாங்கினாய் என்று கேட்டதற்கு அவர் மாமாவின் கடையையே படம் வரைந்து காட்டிவிட்டுப் போய்விட்டார். போலீஸ் வந்து, கடையில் இருந்த கற்களைத் தகர டப்பாவோடு அள்ளிக்கொண்டு போய்விட்டது. யாரோ பார்த்து, இரண்டாயிரம் வருடம் பழையது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். பழம்பொருளை விற்றால் ஜெயில்.

“எல்லாம் நான் செஞ்சதுக்கா. என் கையால செஞ்சது. சொல்லிட்டேன், கேக்க மாட்றாங்க.”

“ஏன் கேக்க மாட்றாங்க?”

“புடிபட்டவன் எல்லாம் அப்டிதான் சொல்றானாம். போலி, நானே செஞ்சதுன்னு. இன்ஸ்பெட்டரு சிரிக்கிறான்.” சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம். “ஆனா அக்கா, ரெண்டாயிரம் வருசம்னு எய்திக்கீறாங்க! படிச்சவங்க!”

அம்மா கையில் இருந்த கரண்டியால் அவர் தோளில் ஒன்று போட்டாள்.

போலி என்று நிரூபணமானால் அது வெறும் ஏமாற்று வேலை. ஏமாந்தவர் புகார் கொடுக்கக் கடல் கடந்து வரப்போவதில்லை. நிஜம் என்று முடிவானால் உள்ளே போக வேண்டியதுதான். ஆக, எங்கள் குடும்பம் இதுவரை செய்யாத ஒரு காரியத்தைச் செய்ய வேண்டியிருந்தது. எங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு மோசடிக்காரன் என்று அரசாங்கத்தை நம்பவைக்க வேண்டும். அப்பா, இது உன் தம்பி விஷயம் என்று செய்தித்தாளுக்குள் போய்விட்டார். அம்மா மாமாவுக்குச் சோறு போட்டாள். அவர் சாப்பிட்டு முடித்ததும், “முதல்ல இருந்து சொல்லு. ஒண்ணுவிடாம சொல்லு. புதுக்கல்லு எப்படிடா பழசு மாதிரி ஆச்சு?” என்றாள்.

மாமா என்னைப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார்.

“வான்கோயி வயித்துல.”

கேழ்வரகு உருண்டைக்குள் இருந்தவை முத்திரைக் கற்கள். இரைப்பைக்குள் கிடக்கும் மணலும் சரளையும் வாரக்கணக்கில் அரைத்து அரைத்து, கூர்மையான ஓரங்கள் மழுங்கி, பளபளப்பு மங்கி, பல தலைமுறை விரல்களில் கிடந்த மாதிரி ஆகிவிடும். வேறு எந்த விதத்திலும் அந்த மழுங்கல் வராது என்று மாமா சொன்னார். சொல்லும்போது மறுபடி அந்த வெளிச்சம் எட்டிப்பார்த்தது. அம்மா கரண்டியைத் தேடினாள்.

சனிக்கிழமை காலையில் பள்ளி ஆய்வகத்தின் சாவியை வாங்கி வந்து, என் கழுத்துக் கல்லைக் கழற்றச் சொல்லி, நுண்ணோக்கியின் அடியில் வைத்தாள் அம்மா. மாமாவும் நானும் பக்கத்தில் நின்றோம். ஜாடிகளுக்குள் ஊறிக்கொண்டிருந்த தவளைகளைப் பார்க்காமல் இருக்க மாமா பெரும்பாடு பட்டார்.

அம்மா வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்கச் சொன்னாள். சேவலின் வயிற்றுப் பள்ளத்துக்குள் நெருக்கமாக, ஒரே சீராக, இசைத்தட்டில் இருப்பதுபோல வட்ட வட்டமாகக் கோடுகள். மோட்டார் சுற்றிய தடம். கையால் வில் இழுத்து ஊசியைச் சுழற்றிக் குடைந்த காலத்தில் கோடுகள் இவ்வளவு ஒழுங்காக வராது என்றாள். பிறகு கல்லைத் திருப்பிப்போட்டாள். முதுகுப் பக்கமும் முகத்தைப் போலவே மழுங்கி இருந்தது.

“மோதிரத்துல பதிச்ச கல்லுக்கு முதுகு எப்படிடா தேயும்? அது உலோகத்துக்குள்ள ஒளிஞ்சிகிட்டு இருக்கும். முகம் மட்டும்தானே தேயணும்?”

மாமா தலையைச் சொறிந்தார். “வான்கோயிக்கு எது மொகம் எது முதுகுன்னு இன்னாக்கா தெரியும்?”

அம்மா அன்று முதல் முறையாகச் சிரித்தாள். உடனே நிறுத்திக்கொண்டாள்.

“எல்லாமே நீ செஞ்சதுதானே? டப்பாவுல இருக்கற அத்தனையும்?”

“ஆமாங்கா.”

“மாதிரிக்கு எதைப் பாத்து செஞ்ச?”

“ஒரு பொஸ்தகத்துல. ஒரு வெள்ளக்காரன் கடைக்கு எடுத்துகினு வந்தான்.”

“ஒரு தடவை பாத்ததை வெச்சா, வால்ல இத்தனை இறகும் வரைஞ்சே?”

“மனசுல நின்னுடுச்சிக்கா.” மாமா ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே என்னமோ பார்த்தார். வெளியே கொடிக்கம்பத்தைத் தவிர ஒன்றும் இல்லை. அம்மா மேற்கொண்டு கேட்கவில்லை.

கோடுகளும் முதுகும் மட்டும் போதாது என்பது அம்மாவின் எண்ணம். பாதி செய்த வேலை எந்த அதிகாரிக்கும் பிடிக்காது. கண்ணால் பார்க்க வேண்டும். கொட்டிலில் இரண்டு வான்கோழிகளின் வயிற்றில் இன்னும் கற்கள் இருந்தன. மறு வாரம் விசாரணைக்கு மாமாவைச் செங்கல்பட்டுத் தொல்பொருள் அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அம்மா பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தாள். எனக்கும் சேர்த்து எழுதினாள். காரணம் என்ற இடத்தில் ‘குடும்பத்துச் சிக்கல்’ என்று உள்ளதை உள்ளபடி போட்டாள். முதல்நாளே மாமல்லபுரம் போய்விட்டோம். காலையில் இரண்டில் பெரியதைக் கால் கட்டி, பனையோலைக் கூடையில் உட்கார வைத்து, தலை மட்டும் வெளியே தெரியும்படி மேலே சாக்கைப் போட்டுக் கட்டினார் மாமா.

திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போகும் பேருந்து. அம்மாவின் மடியில் கூடை. நடத்துனர் வந்தார். கூடையைப் பார்த்தார். கூடையும் அவரைப் பார்த்தது.

“இன்னாமா இது?”

“வான்கோழி.”

“அது தெரிது. கோயியெல்லாம் வண்டில ஏத்தக் கூடாது. எறங்கு.”

“எறங்க முடியாதுங்க. இது கோழி இல்ல, சாட்சி.”

“இன்னாது?”

“சாட்சி. ஆபீசுல விசாரணை இருக்கு. இது வந்தாதான் ஆகும். டிக்கெட் வேணும்னா அதுக்கும் போடுங்க.”

பின் இருக்கையில் கீரைக் கட்டோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், “விடுபா, கோர்ட்டுக்கு மனுசன் வந்து புளுவறான், கோயியாச்சும் நெஜம் சொல்லட்டும்” என்றாள். பேருந்து முழுக்கச் சிரித்தது. நடத்துனரும் சிரித்துவிட்டார். மாமா மட்டும் முன் படிக்கட்டின் அருகே, எங்களுக்கும் தனக்கும் சம்பந்தமில்லாதவர்போல, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வழி நெடுக அம்மா ஒரு கையால் வான்கோழியின் தலையைத் தடவிக்கொண்டே வந்தாள். அது பயத்தில் எச்சமிட்டு அவள் புடவை நனைந்தது. அம்மா குனிந்துகூடப் பார்க்கவில்லை. இப்போது யோசித்தால், அவ்வளவு பிடிவாதமான முகத்தை அதற்குப் பின் நான் கண்ணாடியில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

தொல்பொருள் அதிகாரி மெலிந்த மனிதர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே தேடுகிறவர். அம்மா சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். மாமாவை ஒருமுறை, கூடையை இருமுறை பார்த்தார்.

“நான் கேள்விப்பட்டிருக்கேன், டீச்சர். வெளிநாட்டுல ஒரு காலத்துல இப்படிச் செய்வாங்கன்னு. ஆனா நம்ம ஊர்ல…” அவர் மாமாவிடம் திரும்பினார். “இது உனக்கு யார் சொல்லிக் குடுத்தது?”

“யாரும் இல்ல சார். ஒரு தபா ஒரு கல்லு கீய வியுந்துச்சி. கோயி முயுங்கிடுச்சி. அறுத்துப் பாத்தா, நல்லாயிருந்துச்சி.”

அலுவலகத்தின் பின்புறம் வேப்பமரம் ஒன்று இருந்தது. கடைத்தெருவிலிருந்து கறிக்கடைக்காரர் ஒருவரை அழைத்து வந்தார்கள். என்னைத் திரும்பி நிற்கச் சொன்னாள் அம்மா. நான் திரும்பி நின்றேன், பிறகு திரும்பிப் பார்த்தேன். இரைப்பையைக் கீறிப் பீங்கான் தட்டில் கவிழ்த்தபோது, மணலும் அரைபட்ட கேழ்வரகும் சரளைக் கற்களும் கொட்டின. அதிகாரி கையால் தண்ணீர் ஊற்றி ஊற்றி அலசினார். சாம்பல் நிறச் சேற்றுக்குள்ளிருந்து சிவப்பாக ஒன்று எட்டிப்பார்த்தது. இன்னொன்று. மொத்தம் நான்கு சேவல்கள். அதிகாரி தோள் குலுங்கச் சிரித்தார். கறிக்கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. “வான்கோயிக்குள்ள சாவல் கீதே!” என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

உள்ளே வந்து, பிடிபட்ட தகர டப்பாவை வெள்ளைத் துணியில் கொட்டினார் அதிகாரி. உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தார். அம்மா மேசைக்கு எதிரில் நின்று, அவர் ஒவ்வொரு கல்லாக எடுக்கும்போதும், “முதுகைப் பாருங்க சார்” என்றாள். அவர் திருப்புவார். தேய்ந்திருக்கும். இந்தப் பக்கம் வைப்பார். “பள்ளத்துக்குள்ள கோட்டைப் பாருங்க சார்.” பார்ப்பார். இந்தப் பக்கம் வைப்பார். மேசையின் இந்தப் பக்கம் சேவல்கள் சேர்ந்துகொண்டே போயின. மாமாவின் தோள்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தன. எனக்குக் கை தட்ட வேண்டும்போல இருந்தது.

ஒரு கல்லில் அதிகாரியின் கை நின்றது.

திருப்பினார். மறுபடி முகத்தைப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்து, உருப்பெருக்கிக் கண்ணாடியோடு அதை அம்மாவிடம் நீட்டினார்.

“டீச்சர், இந்த ஒண்ணை நீங்க சொல்லுங்க.”

அம்மா வாங்கிப் பார்த்தாள். நான் அவள் இடுப்போடு ஒட்டி நின்று, அவள் கைக்கடியிலிருந்து எட்டிப்பார்த்தேன். சேவலின் கழுத்தும் வாலும் மிருதுவாக மழுங்கி இருந்தன. பள்ளத்துக்குள் வட்டக் கோடுகள் இல்லை. அங்கும் இங்குமாகப் போகும் நுண்ணிய கீறல்கள்தான். அம்மா திருப்பினாள். முதுகு தேயவே இல்லை. ஓரம் கூர்மையாக, நேற்று வெட்டியதுபோல இருந்தது.

பல வருடங்களுக்குப் பிறகு மாமா சொல்லிக் கேட்டேன். ஒரு புயலுக்கு அடுத்த நாள் கடல் உள்வாங்கிய மணலில் கிடைத்த கல் அது. அதைப் பார்த்துத்தான் மற்ற எல்லாவற்றையும் செய்தார். விற்க மனம் வராமல் டப்பாவிலேயே போட்டு வைத்திருந்தார். அரசாங்கத்திடம் சொல்லாமல் வைத்திருந்தாலே குற்றம்தான்; விற்கிற சரக்கோடு சேர்ந்து கிடந்ததால் விற்பதற்கென்றே முடிவு கட்டியிருப்பார்கள்.

அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த நேரம் எவ்வளவு நீளமானது என்று எனக்கு இப்போது தெரியும். போன மாதம் என் மகன் உரிமம் இல்லாமல் என் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய் ஒரு பெரியவர்மீது மோதிவிட்டான். அவருக்குத் தொடை எலும்பு முறிந்தது. காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர் என்னைப் பார்த்து, “வண்டி ஓட்டினது யாரும்மா, நீங்களா, பையனா?” என்றார். கேள்வியிலேயே எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார். என் மகன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் உள்ளதைச் சொன்னேன். சொன்ன நாளிலிருந்து என் மகன் என்னோடு பேசவில்லை; எனக்குத் தூக்கமும் சரியாக இல்லை. சொன்னது சரிதான் என்று எனக்குத் தெரியும். மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் பதில் சொல்வதற்கு முன்னால் இருந்த அந்தச் சில நொடிகளில், செங்கல்பட்டு அலுவலகத்தில் என் அம்மா கையில் கண்ணாடியோடு நின்றதுதான் எனக்குத் தெரிந்தது.

அம்மா கல்லை மேசையில் வைத்தாள்.

“இதுவும் அவன் செஞ்சதுதான் சார்.”

“முதுகு தேயலையே?”

“இதை வான்கோழிக்குப் போடலை.”

“முகம் தேஞ்சிருக்கு.”

“கையால தேச்சிருப்பான். மணல்ல போட்டு.”

“மோட்டார் கோடு இல்லையே, டீச்சர்.”

“மோட்டார் வாங்கறதுக்கு முன்னாடி செஞ்சதா இருக்கும்.”

ஒவ்வொரு பதிலும் உடனுக்குடன் வந்தது, வகுப்பில் பாடம் சொல்வதுபோல. நான் அவளை நினைத்துப் பெருமைப்பட்டேன். எந்தக் கேள்விக்கும் அம்மாவிடம் பதில் இருக்கிறது.

அதிகாரி மாமாவிடம் திரும்பினார். “அப்படியாப்பா? இதுவும் நீ செஞ்சதுதானா?”

மாமா அவரைப் பார்க்கவில்லை. தன் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டவர்போல இருந்தது அவர் முகம். விடுதலை ஆகப்போகிற ஆளின் முகமாக அது இல்லை.

“எங்கக்கா…” என்று ஆரம்பித்தார். எப்போதும் அடுத்து வரும் வார்த்தை வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

அதிகாரி நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா கண்ணைத் தாழ்த்தவில்லை. வெளியே கறிக்கடைக்காரர் குழாயில் கத்தி கழுவும் சத்தம் கேட்டது.

“சரி” என்றார் அதிகாரி. “எல்லாமே இப்போ செஞ்சதுன்னு எழுதிடறேன். ஆனா திருப்பித் தர மாட்டேன். எல்லாம் இங்கேயே இருக்கும். அந்த மோட்டாரையும் கொண்டாந்து குடுத்துடணும். இனிமே உன் கடையில ஒரு சேவல் பாத்தேன்னா, டீச்சர் வந்தாலும் கேக்க மாட்டேன்.”

“சரிங்க சார்.” மாமாவின் குரல் எனக்கே கேட்கவில்லை.

அதிகாரி எழுதினார். கையெழுத்துப் போட்டார். பிறகு மேசைமேல் இருந்த சேவல்களை ஒரு கையால் வழித்து, தகர டப்பாவுக்குள் தள்ளினார். புளியங்கொட்டை கொட்டுவதுபோலச் சலசலத்தது. மூடினார். அந்த ஒரு கல் மட்டும் மேசையில் இருந்தது. அதற்கு இழுப்பறையைத் திறந்து, கொஞ்சம் பஞ்சு பிய்த்து, கல்லை நடுவில் வைத்து மெதுவாக மடித்தார். அதை ஒரு சின்ன மருந்துப் பெட்டிக்குள் வைத்து, டப்பாவோடு சேர்க்காமல், பீரோவின் உள்ளறையில் வைத்துப் பூட்டினார்.

வெளியே வந்தபோது நல்ல வெயில். கறிக்கடைக்காரர் வான்கோழிக் கறியைச் சுருட்டிக் கூடையில் வைத்துக் கொடுத்தார். ஏரிக்கரைச் சாலை வழியாக வீட்டுக்கு நடந்தோம். எனக்கு நடக்க முடியவில்லை, குதிக்கத்தான் முடிந்தது. நாளைக்குப் பள்ளியில் யார் யாரிடம் எந்த வரிசையில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா ஜெயித்துவிட்டாள். நடத்துனரை ஜெயித்தாள், இன்ஸ்பெக்டரை ஜெயித்தாள், இரண்டாயிரம் வருடம் என்று எழுதினவர்களை ஜெயித்தாள். இவர்கள் இருவரும் ஏன் ஒரு வார்த்தையும் பேசாமல் வருகிறார்கள் என்றுதான் தெரியவில்லை. அம்மா முன்னால் போனாள். மாமா நான்கு அடி பின்னால் வந்தார். கூடையைக் கொடு என்று இரண்டு முறை கேட்டார். அம்மா கொடுக்கவில்லை.

பேருந்து நிலையம் பிரியும் இடத்தில் மாமா நின்றார்.

“நான் அப்டியே போறேங்கா.”

“சாப்ட்டுட்டுப் போ.”

“வேணாங்கா. அக்கா, நீ எனக்காவ…”

“போய்ச் சேந்ததும் அந்த மோட்டாரைக் கழட்டு. நாளைக்கே கொண்டாந்து குடு” என்றாள் அம்மா. அவரைப் பார்க்காமல் ஏரியைப் பார்த்துச் சொன்னாள்.

மாமா மோட்டாரைக் கொண்டுவந்து கொடுத்தார். மிச்சமிருந்த வான்கோழியைக் கோவளத்தில் யாருக்கோ முழுதாக, இரைப்பையோடு, கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் கடையில் மாவுக்கல் யானைகள் மட்டும்தான். என்னிடம் ஜட்ஜம்மா என்ன சொல்கிறார் என்று கேட்பதையும் நிறுத்திக்கொண்டார். போலீஸ் பயம் என்று நான் நினைத்தேன். வெகுகாலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அன்றைக்கு, மாமா போனபின், ஏரிக்கரையில் எனக்கு இருந்தது ஒரே ஒரு சந்தேகம்தான். அம்மாவின் பக்கத்தில் ஓடிப்போய்க் கேட்டேன்.

“அம்மா, மத்த சேவலையெல்லாம் டப்பாவுல கொட்டிட்டாரு. அந்த ஒண்ண மட்டும் ஏன் பஞ்சுல சுத்தி வெச்சாரு? அதுவும் போலிதானே?”

அம்மா நின்றாள். கூடையை ஒரு இடுப்பிலிருந்து இன்னொரு இடுப்புக்கு மாற்றினாள். காய்ந்துபோன எச்சக் கறை புடவையில் வெள்ளையாகத் தெரிந்தது.

“கையில பஞ்சு இருந்திருக்கும், சுத்தியிருப்பாரு” என்றாள். “நட.”

அம்மா சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும். நான் நடந்தேன்.